உரக்கக் கேட்ட தண்ணீர்

கீழ்த் தெருவில் அவனைத் தீர்க்கதரிசி என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கிண்டலாகத்தான் வைத்தார்கள். நாளாக ஆக, கிண்டல் உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வேலை என்னவோ தெருத் தெருவாய்ப் போய்த் தண்ணீர் திறந்து விடுகிற வேலை. ஊர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போதே தோளில் சாவியோடு கிளம்பிவிடுவான். சாவி என்றால் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற சாவி இல்லை. நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே பிடித்துத் திருக இரண்டு பக்கமும் கைப்பிடி, அடியில் வால்வின் தலையைக் கவ்வுகிற வாய். தெருவில் பதித்திருக்கும் மூடியைத் தூக்கி, கம்பியை உள்ளே விட்டுத் திருகினால் பூமிக்கு அடியில் தண்ணீர் நகரும்.

திருகி முடித்ததும் கம்பியின் மேல் முனையில் காதை வைத்துக் கேட்பான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், ஆனால் இவன் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்பான். அந்த ஊர் ஒரு சரிவில் இருக்கிறது. மலை உச்சியில் பெரிய தொட்டி, கீழே இறங்க இறங்கத் தெருக்கள். காலையில் பனிமூட்டம் இறங்கி வந்து வாசற்படிகளில் உட்கார்ந்துகொள்ளும். எதிரில் வருகிறவனுக்குத் தலை இருக்கும், கால் இருக்காது. அந்த மூட்டத்துக்குள் கண்ணை மூடிக் கம்பியில் காது வைத்து நிற்கும்போது, தான் தரையில் நிற்கிறோமா, தண்ணீருக்குள் நிற்கிறோமா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஊரே தூங்கிக்கொண்டு மூச்சு விடுவது அதில் கேட்கிறது என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவனுக்கு அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

தீர்க்கதரிசி என்ற பெயருக்குக் காரணம் அவன் அக்காவின் வானொலி. அக்கா கீழ்த் தெருவின் கோடியில் சலவைக்கடை வைத்திருந்தாள். தாய் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகி, புருஷனையும் பறிகொடுத்து, கடையைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் இஸ்திரி மேசைக்கு மேலே அந்த வானொலி ஓடும். தூக்கக் கலக்கமான குரலில் யாரோ ஒருவர் எபிரேயத் தீர்க்கதரிசிகளின் பழைய வாக்குகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனைக் கடவுள் தட்டி எழுப்பி, போய் அரண்மனை வாசலில் கத்து என்று அனுப்பிய கதையெல்லாம் வரும். கடவுளுக்குப் பாட்டும் வேண்டாமாம், பலியும் வேண்டாமாம். விதவைக்கும் ஏழைக்கும் நியாயம் வற்றாமல் ஓடினால் போதுமாம். தண்ணீர் திறந்து விடுகிறவனுக்கு இதைவிடப் பிடித்த வேதம் வேறென்ன இருக்க முடியும்? வேலைக்குப் போகும் வழியில் அக்கா கடையில் ஒரு டம்ளர் தேநீர் குடித்துக்கொண்டே அதைக் கேட்பான். போகிற வழியெல்லாம் அது அவன் வாயில் ஊறிக்கொண்டிருக்கும்.

அக்கா மட்டும் அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். "முதல்ல டம்ளரைக் கழுவி வை, அப்புறம் உலகத்தைத் திருத்தப் போ," என்பாள்.

அந்த வருஷம் மழை பொய்த்து, கீழ்த் தெருவில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. திடீரென்று நிற்கவில்லை. விரல் தடிமனில் வந்தது சுண்டுவிரலாகி, சுண்டுவிரல் நூலாகி, கடைசியில் குழாய் அழுவதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி சொட்டியது. மற்ற வீடுகள் எப்படியோ சமாளித்தன. சலவைக்கடை எதைக் கொண்டு சமாளிக்கும்? அழுக்குத் துணிகள் மூட்டையாகக் காத்துக் கிடந்தன. சத்திரத்துக்காரர் படுக்கை விரிப்புகளை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார். ஒரு நாள் அக்கா பெரிய சலவைத் தொட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

இந்த இடத்தில் அவனுடைய ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். தொட்டியிலிருந்து வருகிற பெரிய குழாய் ஒரு முச்சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேல் தெருவுக்கு, ஒன்று கீழ்த் தெருவுக்கு. கீழ்த் தெருவுக்குப் போகிற கிளையில் ஒரு வால்வு இருக்கிறது. அதைப் பாதி திறந்தபடியே விட்டுவிட வேண்டும், யாரும் கை வைக்கக் கூடாது என்பது அலுவலகத்தின் கண்டிப்பான உத்தரவு. தீர்க்கதரிசி அதில் கை வைத்தான். அக்காவின் குழாய் மெலிந்த நாளிலிருந்து, பனிமூட்டத்தில் முச்சந்தியைக் கடக்கும்போதெல்லாம், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மூடியைத் தூக்கி, திறக்கிற பக்கமாக, அதாவது இடது பக்கமாக, ஒரு சின்னத் திருகு திருகுவான். பிறகு காதை வைத்துக் கேட்பான். முந்தின நாளைவிடத் தண்ணீர் உரக்கக் கேட்கும். புஸ்ஸென்று இரைந்துகொண்டு ஓடும். அந்தச் சத்தத்தில் அவன் உச்சி குளிர்ந்துபோவான். உத்தரவாவது மண்ணாவது, ஏழைக்கு நியாயம் ஓட விடுகிறவன் கடவுளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்வான். இதை அவன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வதில் ஒரு தனி ருசி இருந்தது.

ஆனால் கீழே தண்ணீர் கூடவில்லை. குறைந்தது. அவன் இன்னும் கொஞ்சம் திருகினான். இன்னும் உரக்கக் கேட்டது. இன்னும் குறைந்தது.

முச்சந்தியில் இவ்வளவு இரைச்சலோடு போகிற தண்ணீர் கீழே வந்து சேரவில்லை என்றால் நடுவில் யாரோ உறிஞ்சுகிறார்கள், அவ்வளவுதானே? இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? அவன் யோசிக்கவும் இல்லை. நிமிர்ந்து மேல் தெருவைப் பார்த்தான். ஊரே காய்ந்து புழுதி பறக்கும் காலத்தில் அங்கே ஒரு தோட்டம் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. பல் டாக்டர் வீட்டுத் தோட்டம். மேல் தெருவின் விளிம்பில், கீழ்த் தெருவின் குழாய் போகிற பாதையை ஒட்டினாற்போல இருந்தது அந்த வீடு. கேட்கவா வேண்டும்?

பல் டாக்டர் வாய் அதிகம் பேசாத மனிதர். அடுத்தவர் வாயைப் பார்த்துப் பார்த்தே தன் வாயை மறந்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். மனைவி இல்லை, பிள்ளைகள் எங்கோ இருக்கிறார்கள். வீட்டின் முன்னறையே வைத்தியசாலை. மற்ற நேரமெல்லாம் தோட்டம்.

ஒரு காலை தீர்க்கதரிசி சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றான். உள்ளே வைத்தியத்துக்குக் காத்திருந்தவர்கள் பெஞ்சில் இருந்தார்கள். கன்னம் வீங்கிய ஒரு ஆள் துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு அரைக் கண்ணோடு பார்த்தார். பனிமூட்டம் இவன் முதுகுக்குப் பின்னால் வெள்ளைத் திரையாக நின்றது. தானே ஒரு பழைய வாக்குக்குள்ளிருந்து இறங்கி வந்து நிற்பதாக அவனுக்குத் தோன்றியது. குரலும் அவன் குரலாக இல்லை.

"பல்லைப் பிடுங்குறது போதலையா உனக்கு? இல்லாதவன் வாயில இருக்கிற தண்ணியையும் பிடுங்கணுமா? கீழே ஒரு விதவை காஞ்ச தொட்டியைக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்கா. இங்க உன் பூச்செடி குளிச்சு முழுகி நிக்குது! மேல ஒருத்தன் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். இந்தப் பச்சை அத்தனையும் கருகும். இந்த வாசல்ல யாரும் மிதிக்க மாட்டாங்க. நான் சொல்லல, அவன் சொல்றான்!"

பல் டாக்டர் கையில் ஏதோ கருவியோடு வெளியே வந்தார். முகத்தில் துணி கட்டியிருந்ததால் கண் மட்டும்தான் தெரிந்தது.

"உள்ள வாங்களேன், உக்காந்து பேசலாம்," என்றார்.

"திருட்டுத் தண்ணியில கழுவின நாற்காலியில நான் உக்கார மாட்டேன்."

கன்னம் வீங்கியவர் மெதுவாக எழுந்து வெளியே வந்துவிட்டார். வலியோடேயே வீட்டுக்குப் போனாராம். தீர்க்கதரிசியின் வாக்கு அன்றைக்கே பாதி பலித்துவிட்டது.

விஷயம் கீழ்த் தெருவில் பற்றிக்கொண்டது. முன்னால் நின்றவர் தையல்காரர். அவர் நாக்கு அவருடைய கத்திரியைவிட வேகம். தெருவே திரண்டு நீர்வழங்கல் அலுவலகத்துக்குப் போனது. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆள் அனுப்பிப் பல் டாக்டர் வீட்டில் திருட்டுக் குழாய் இருக்கிறதா என்று தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொன்னால் இந்தக் கூட்டம் அடங்குமா? "விசாரணை முடியும்வரை" என்று சொல்லி அந்த வீட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டு, சூப்பர்வைசர் நிம்மதியாகச் சாப்பிடப் போனார். தீர்க்கதரிசியைத் தோளில் தூக்காத குறைதான். பல் டாக்டரின் வாசலில் அதற்குப் பிறகு யாரும் பெஞ்சில் உட்காரவில்லை.

அப்படியும் கீழே தண்ணீர் வரவில்லை. வரவில்லை என்று அவன் மறுபடியும் திருகினான். சொட்டியதும் நின்றது.

"ஒருத்தன் இல்லை, மேல் தெரு மொத்தமும் களவாணிங்கதான்," என்றார் தையல்காரர், சலவைக்கடை வாசலில் நின்று. "நாளைக்குக் காலையில கடப்பாரையோட போறோம். ஒவ்வொரு வாசலா உடைச்சுப் பாத்துடலாம். தீர்க்கதரிசி, நீதான் முன்னால நடக்கணும்."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்த பார்வையில், அவன் இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. அவள் அவனை நம்பினாள். சின்ன வயதில் கால்சட்டை நனைத்ததற்கு அவனை அடித்த அதே அக்கா. "பாத்துப் போடா," என்று மட்டும் சொன்னாள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று மத்தியானம் மலை உச்சியில், தொட்டியின் நிழலில் அவன் கண்ணயர்ந்தான். மோட்டார் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

கனவில் முச்சந்தி. மத்தியானமா காலையா என்று சொல்ல முடியாத வெளிச்சம், முழங்கால்வரை பனிமூட்டம். வால்வு மூடியைத் திறந்து வைத்து, இவனுக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர் குந்தியிருந்தார். சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருந்தார். முழங்கைவரை சேறு. யார் என்று யாரும் சொல்லவில்லை. கனவில் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆடு மேய்த்தவனைத் தட்டி எழுப்பியவர்தான் என்று இவனுக்குத் தெரிந்துவிட்டது. பயம் வரவில்லை. அவர் இடம் தவறி வந்துவிட்ட உறவுக்காரர் மாதிரி இருந்தார். இவன் பக்கத்தில் போய்ப் புகார்களையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னான். மேல் தெரு, தோட்டம், அக்காவின் தொட்டி. அவர் கேட்டாரா என்றே தெரியவில்லை. சாவியைப் பிடித்து வலது பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அது மூடுற பக்கம்," என்றான் பதறிப்போய்.

அவர் கம்பியிலிருந்து காதை எடுத்தார். "சத்தம் கேக்குதா?"

இவன் காதை வைத்தான். "இல்லையே. ஒண்ணுமே கேக்கலையே."

"அதான்," என்றார் அவர். கையைத் துடைத்துக்கொண்டார்.

விழித்தபோது தொட்டியின் நிழல் நகர்ந்துபோய் அவன் முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கனவை உதறிவிட்டு எழுந்துபோக வேண்டியதுதானே? போனான். ஆனால் கால் முச்சந்திக்குத்தான் போனது. அவர் திருகிய பக்கம் அவன் உள்ளங்கையில் உறுத்திக்கொண்டே இருந்தது. அக்கம்பக்கம் பார்த்தான். மூடியைத் தூக்கினான். சாவியை விட்டு, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வால்வை வலது பக்கம் திருகினான். ஒரு திருகு, இன்னொரு திருகு. காதை வைத்தான். இரைச்சல் அடங்கிக்கொண்டே வந்தது. இன்னும் திருகினான். புஸ்ஸென்ற சத்தம் தணிந்து, தூங்கும் குழந்தையின் மூச்சைப் போல ஆகிவிட்டது.

மூடிவிட்டேனே பாவி, என்று அவனுக்கே வெட்கமாகப் போயிற்று. கனவைக் கேட்டு ஆடுகிற கிழவனாகிவிட்டோமா என்று தன்னையே திட்டிக்கொண்டு, பழையபடி இடது பக்கம் திருகக் கைப்பிடியை இறுக்கினான்.

அப்போது கீழே பாத்திரங்கள் உருண்டன. ஒரு பெண் குரல், பிறகு பல குரல். "தண்ணி! தண்ணி வருது!"

அவன் கை அப்படியே நின்றுவிட்டது. குனிந்து குழிக்குள் பார்த்தான். வால்வின் தலையில் கெட்டியாகச் சேறு அப்பியிருந்தது. விரலால் சுரண்டினான். அடியில் சிவப்புச் சாயம்.

இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் அந்தச் சிவப்பின் அர்த்தம் தெரியும். எதிர்ப்பக்கம் திறக்கிற வால்வு என்று அர்த்தம். பழைய வால்வு கெட்டுப்போனபோது கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். முன்பு ஒரு தடவை அவன் வேலைக்கு வராமல் காய்ச்சலில் படுத்திருந்தான், அந்தச் சமயம்தான் அது நடந்திருக்க வேண்டும். தொடக் கூடாத வால்வைப் பற்றி, அதைத் தொடாதவனிடம் எவன் வந்து சொல்லப்போகிறான்? அவன் திறந்ததெல்லாம் மூடியது. இடுக்கு குறையக் குறையத் தண்ணீர் பிதுங்கிக்கொண்டு போகிற இரைச்சலைத்தான் அவன் இத்தனை நாளும் நிறைவு என்று கேட்டிருக்கிறான். கீழே போக முடியாத தண்ணீர் எங்கே போகும்? மேல் தெருவுக்குப் போனது. பல் டாக்டரின் தோட்டம் பச்சையாக இருந்ததற்கு யார் காரணம் என்றால், இவன்தான். அக்காவின் தொட்டியைக் கவிழ்த்ததும் இவன்தான்.

சேற்று விரலோடு அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அப்போது கீழ்த் தெரு மேலே ஏறி வந்தது.

தையல்காரர் ஓடி வந்து கட்டிக்கொண்டார். "வாக்கு பலிச்சுடுச்சுடா! நாளைக்குக் கடப்பாரையோட வர்றோம்னு தெரிஞ்சதும் பயந்து திறந்து விட்டுட்டானுங்க!" யாரோ அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவன் வாயைத் திறந்தான். வாயிலிருந்து வந்தது ஒரு இளிப்பு. இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம், அவன் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் சலவைக்கடையில் தொட்டி நிமிர்ந்தது. அக்கா முழங்கால்வரை நனைந்து, பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே துணி அலசினாள். அவனுக்குச் சாதம் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா இருந்தவரைக்கும் உன்னை உதவாக்கரைன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு," என்றாள். "நானும் அப்படித்தான் நெனைச்சேன். என் வாய் கூசுது இப்போ. எனக்காக அந்த வாசல்ல போய் நின்னியே." ஈரக் கையால் அவன் முகத்தைத் தடவினாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பேசாமல் இருந்துவிட்டால் இந்தக் கை அவனுடையது. தண்ணீரும் வந்தாயிற்று, கடையும் பிழைத்தது, வாக்கும் பலித்தது. யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் காலை வானொலி வழக்கம்போல முனகியது. தூக்கக் கலக்கமான அந்தக் குரல் எதை வாசித்தது என்பது அவன் காதில் ஏறவில்லை. ஜன்னல் வழியாக மேல் தெரு தெரிந்தது. மூட்டத்துக்கு நடுவே அந்தத் தோட்டத்தின் விளிம்பு மஞ்சளாகத் தெரிந்தது. தண்ணீர் இல்லாத வீட்டில் ஒரு மனிதர் எதைக் குடித்து, எதில் முகம் கழுவுகிறார்?

"அக்கா," என்றான். "தண்ணியை யாரும் திருடல."

அவள் சட்டை ஒன்றைப் பிழிந்துகொண்டிருந்தாள். "என்னடா உளர்றே?"

அவன் சொன்னான். வால்வை, தன் சின்னத் திருகுகளை, சிவப்புச் சாயத்தை, ஒன்று விடாமல். கனவை மட்டும் விட்டுவிட்டான். அதைச் சொல்லித் தன்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்ள அவனுக்கு அருகதை இல்லை என்று பட்டது.

"இத்தனை நாளும் நீதான் மூடிக்கிட்டிருந்தியா?"

"நானேதான்."

"எனக்காகவா?"

"உனக்காகத்தான், அக்கா."

கையிலிருந்த ஈரச் சட்டையாலேயே ஓங்கி ஒன்று விட்டாள். கழுத்தோடு சுருண்டு விழுந்தது அடி. இன்னொன்றுக்கு ஓங்கிய கை பாதியில் தளர்ந்தது. உட்கார்ந்துவிட்டாள். நேற்று அந்த முகத்தில் இருந்த பெருமை எங்கே போயிற்று என்று தேடினாலும் கிடைக்காது. அவனுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஆனால் ஆச்சரியம், மூச்சு விட முடிந்தது.

சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அவள் கேட்டாள். "அந்த டாக்டர் வீட்டுக்கு இணைப்பு கொடுத்தாச்சா?"

"இல்லை."

அவள் எழுந்தாள். சலவைக்கென்று வைத்திருந்த பெரிய கேன்களைக் குழாயடியில் வைத்து நிரப்பினாள். "தூக்கு," என்றாள்.

இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு கேன்களோடு தெருவில் இறங்கினார்கள். பொதுக் குழாயில் கூட்டம். தையல்காரர் குடத்தோடு நின்றார். "எங்க, அக்காவும் தம்பியும் தண்ணியோட ஊர்வலம்?" என்று சிரித்தார்.

தீர்க்கதரிசி கேன்களைக் கீழே வைத்தான். பல் டாக்டர் வாசலில் நின்ற அன்று வந்த குரல் இன்று எங்கே போயிற்றோ தெரியவில்லை. எச்சில் விழுங்கி விழுங்கிச் சொன்னான். எல்லோருக்கும் கேட்கிறவரை இரண்டு தடவை சொன்னான். யாரும் அடிக்க வரவில்லை. அடித்திருந்தால் தேவலை.

தையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சரி, தண்ணிதான் வந்துடுச்சே. இதை இப்போ யாரு கேட்டா உன்னை? அந்த ஆளு கொஞ்ச நாள் காய்ஞ்சா ஒண்ணும் குடி முழுகிடாது. நாங்க போய் அலுவலகத்துல கத்தினதுக்கெல்லாம் மூஞ்சியை எங்க வெச்சுக்கிறது?" என்றார்.

"எங்க வெச்சுக்கணுமோ அங்க வெச்சுக்கங்க," என்றாள் அக்கா. கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வழியில் அலுவலக வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். அவரிடமும் சொல்லி, முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்த சாவியைக் கழற்றிக் கொடுத்தான். அவர் சாவியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "மதியத்துக்குள்ள டாக்டர் வீட்டுக்கு ஆள் அனுப்புறேன். உன் விஷயம் என் கையில இல்ல," என்றார். அதுவும் நியாயம்தான்.

மேட்டில் ஏற ஏறப் பனிமூட்டம் அடர்ந்தது. முன்னால் போகிற அக்காவின் முதுகு தெரிந்தது, மறைந்தது. தண்ணீர் கேனுக்குள் தளும்பும் சத்தம் மட்டும் கேட்டது. கைப்பிடி விரலை அறுத்தது. மேலேயிருந்து கீழே தண்ணீர் அனுப்பியே பழகியவனுக்கு, கீழேயிருந்து மேலே தூக்கிக்கொண்டு போவது எவ்வளவு கனம் என்று இப்போதுதான் தெரிந்தது. வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனான். மன்னிக்க வேண்டும் ஐயா என்று ஆரம்பிப்பதா, தப்பு என்னுடையது என்று ஆரம்பிப்பதா?

பல் டாக்டர் வீட்டு வாசலில் பெஞ்ச் காலியாகக் கிடந்தது. முன்கதவு பூட்டியிருந்தது. தோட்டத்துப் பக்கம் மண்ணில் ஏதோ குத்துகிற சத்தம். இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தோட்டம் இல்லை. தோட்டம் இருந்த இடத்தில் குழிகள் இருந்தன. வேலியோரம் நெடுக ஒரு பள்ளம், பூச்செடிகளுக்கு நடுவே குறுக்காக ஒன்று, வீட்டுச் சுவரை ஒட்டி ஆழமாக ஒன்று. செடிகள் வேரோடு பிடுங்கி ஓரமாக வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. சுவரோரக் குழிக்குள் இடுப்பளவுக்கு நின்று பல் டாக்டர் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார். பல்லைத் தவிர எதையும் பிடுங்கிப் பழகாத அந்தக் கை கொப்புளம் போட்டுக் கிடந்தது.

அவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். தீர்க்கதரிசியை அடையாளம் தெரிந்தது. முகத்தில் கோபம் வரவில்லை. தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையனைப் போல நின்றார்.

"இன்னும் கிடைக்கலை," என்றார். "எல்லாப் பக்கமும் தோண்டிட்டேன். இந்தச் சுவர் ஓரம் மட்டும்தான் பாக்கி."

"என்ன கிடைக்கலை?" என்றாள் அக்கா.

"குழாய்தான். நான் வாங்கறதுக்கு முன்னால இந்த வீட்டில யார் இருந்தாங்கன்னே எனக்குத் தெரியாது. அவங்க ஏதாவது பதிச்சிருக்கலாம் இல்லையா? எனக்குத் தெரியாமலே நான் உங்க தண்ணியைக் குடிச்சிருக்கலாம் இல்லையா?" தீர்க்கதரிசியை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்களே. பொய்யா இருக்காதுன்னு தோணிச்சு."

அக்கா கேன்களைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட அவன் வாயில் வரவில்லை. அவன் குழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு குழியாகப் பார்த்தான். எதிலாவது ஒன்றில், ஒரு ஓரத்தில், சின்னதாகத் துருப்பிடித்த ஒரு குழாயாவது தட்டுப்படாதா என்று அப்போதும் அவன் கண் தேடிக்கொண்டிருந்தது. தான் தேடுவது தனக்கே தெரிந்ததும், அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அவன் அழுதான்.